பழைய ஜெயிலைப் பாத்ததும் அது பென்டன்வில் வகையறாவான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

அந்தமான் போறவங்க, டப்ளின் போறவங்க, டாஸ்மேனியா போறவங்கன்னு யாரு டூர் போனாலும் ஒரு பழைய ஜெயில் போட்டோ போடுறாங்க, கீழ கேப்ஷன்ல "பனாப்டிகான்"னு ஒரு வார்த்தை கண்டிப்பா இருக்கும், அதாவது நடுவுல நின்னே எல்லாக் கைதியையும் கண்காணிக்கிற ஜெயில். நடுவுல ஒரு டவரு, அதுல இருந்து நாலஞ்சு பிளாக் பிரிஞ்சு போகுது, அவ்ளோதான், முத்திரை குத்தியாச்சு. நிறைய இடத்துல அது தப்பு. அந்தக் கட்டடங்கள்ல முக்காவாசிக்கு மூதாதை வடக்கு லண்டன்ல இருக்கிற பென்டன்வில் ஜெயில். 1842ல திறந்தப்போ அதைக் கூப்பிட்டதே "மாடல் பிரிசன்"னுதான், அதாவது மத்தவங்க பாத்து கட்டிக்கணும்னே ஒரு மாதிரிக்கு கட்டினது. அடுத்த தடவை ஒரு பழைய ஜெயிலுக்குள்ள போனா கைடு சொல்றதை நம்பாம நீங்களே எப்படி சரி பாக்கிறதுன்னுதான் எழுதப் போறேன், ஒரு டேப்பும் போன்ல டார்ச்சும் இருந்தா போதும், டேப் இல்லன்னா ரெண்டு கை போதும்.

மொதல்ல வருஷம்

எந்த ஜெயிலா இருந்தாலும் அது திறந்த வருஷத்தை விட கட்ட ஆரம்பிச்ச வருஷத்தைத் தேடுங்க, ஏன்னா ப்ளான் முடிவாகிறது அப்பதான், திறப்பு விழா பல வருஷம் கழிச்சு நடக்கும். உதாரணத்துக்கு அந்தமான் செல்லுலார் ஜெயில் 1896ல ஆரம்பிச்சு 1906லதான் முடிஞ்சுது, முடிஞ்ச வருஷத்தை மட்டும் பாத்தா அந்த நேரத்துல இங்கிலாந்துல இந்த மாதிரி டிசைனையே கைவிட்டுட்டாங்களேன்னு குழம்பிடுவீங்க.

வருஷம் கிடைச்சுதுன்னா இப்படி பிரிச்சுக்கலாம். 1791ல ஜெரமி பெந்தம்ங்கிற இங்கிலாந்து தத்துவவாதி பனாப்டிகான்னு ஒரு திட்டத்தை வெளியிட்டாரு, வட்டமா கட்டடம், நடுவுல காவலாளி, அவரு இருக்காரா இல்லையான்னே கைதிக்குத் தெரியாது ஆனா கைதி எப்பவும் அவரு கண்ணுல படுவான். அதை அவர் சொன்ன மாதிரி இங்கிலாந்து அரசாங்கம் கட்டவே இல்ல. அவருக்காக வாங்கின இடத்துல 1816ல மில்பேங்க்னு வேற ஒண்ணைத் திறந்தாங்க, நடுவுல ஒரு அறுகோணம், சுத்தி ஆறு ஐங்கோணம், சதுப்பு நிலத்துல, செலவு கிட்டத்தட்ட 5 லட்சம் பவுண்டு, உள்ள வேலை பாக்குற வார்டருக்கே வழி தெரியாம போகுமாம். இப்ப அந்த இடத்துலதான் டேட் பிரிட்டன் ஆர்ட் கேலரி இருக்கு.

அதே காலத்துல அமெரிக்காவுல ரெண்டு கட்சி. ஒண்ணு நியூயார்க் மாகாணத்துல ஆபர்ன் ஜெயில், ராத்திரி தனித்தனியா பூட்டி வச்சு பகல்ல எல்லாரையும் ஒண்ணா ஃபேக்டரில வேலை வாங்குறது, ஆனா யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தா சவுக்கடி. இன்னொண்ணு ஃபிலடெல்ஃபியாவுல ஜான் ஹவிலாண்ட் டிசைன் பண்ணி 1829ல திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரி, அங்க ராத்திரி பகல் ரெண்டுமே தனி, வேலையும் கொட்டடிக்குள்ளயே, பக்கத்து கொட்டடிக்காரன் மூஞ்சியே தெரியாது. 1830கள் ஆரம்பத்துல வில்லியம் க்ராஃபோர்ட்ங்கிறவரை இங்கிலாந்துல இருந்து அனுப்பி ரெண்டையும் பாத்துட்டு வரச் சொன்னாங்க, அவரு 1834ல ரிப்போர்ட் குடுத்தாரு, மனசு முழுக்க ஃபிலடெல்ஃபியா பக்கம். அப்புறம் அவரும் விட்வொர்த் ரஸ்ஸல்ங்கிற பாதிரியாரும் ஜெயில் இன்ஸ்பெக்டர் ஆனாங்க, ராயல் எஞ்சினியர்ஸ்ங்கிற ராணுவப் பிரிவுல இருந்து கேப்டன் ஜோஷுவா ஜெப் வந்து சேந்தாரு, 1840ல பென்டன்வில்லுக்கு வேலை ஆரம்பிச்சுது. 520 செல்லு, மொத்த செலவு 84,000 பவுண்டுக்கு கொஞ்சம் மேல, ஒரு செல்லுக்கு சுமார் 162 பவுண்டு விழுது.

இது பரவின வேகம்தான் ஆச்சரியம். பென்டன்வில் கட்டி ஆறே வருஷத்துல அதே மாதிரியில 54 ஜெயில், 11,000 தனிக் கொட்டடி. ஏன் இவ்ளோ சீக்கிரம்னா டிசைன் அழகா இருந்ததுனால இல்லைங்க. 1839 சட்டப்படி தனிச்சிறைக்குன்னு ஒரு செல்லை உபயோகிக்கணும்னா அது சைஸ், வெளிச்சம், காத்து எல்லாம் சரியா இருக்குன்னு இன்ஸ்பெக்டர் சர்டிஃபிகேட் குடுக்கணும், ஜெப் 1844ல இருந்து சர்வேயர் ஜெனரல் ஆஃப் பிரிசன்ஸ், ஒவ்வொரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஜெயில் ப்ளானும் அவர் மேஜைக்கு வந்துதான் போகணும், அதே வருஷம் அவரே பென்டன்வில்லோட ஒவ்வொரு குழாய், பூட்டு, ஜன்னல் வரைக்கும் படம் போட்டு ரிப்போர்ட்டா அச்சடிச்சுட்டாரு. அப்ரூவல் குடுக்கிற ஆபீசரே கையில ஒரு ப்ளானை வச்சிக்கிட்டு இருந்தா யாராவது வேற ப்ளான் போட்டுக்கிட்டு போய் நிப்பாங்களா? நம்ம ஊர்ல வீட்டு ப்ளான் அப்ரூவல் வாங்கினவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

அதனால 1842ல இருந்து 1870கள் வரைக்கும் பிரிட்டிஷ் கையில கட்டின ஜெயிலா இருந்தா பென்டன்வில்லை மொதல்ல சந்தேகப்படுங்க. ஆனா சந்தேகம்தான், அடுத்த சோதனை எல்லாம் தாண்டணும்.

மேல இருந்து பாக்குறது

மேப்ல சாட்டிலைட் வியூ போட்டு அந்த இடத்தைப் பாருங்க. பென்டன்வில்ல நாலு செல் பிளாக், விரிச்சு வச்ச விசிறி மாதிரி ஒரு பக்கமாவே பரவி இருக்கும், அஞ்சாவது கை மட்டும் எதிர்ப்பக்கமா கேட்டை நோக்கி வரும், அதுலதான் ஆபீசும் சர்ச்சும். ஈஸ்டர்ன் ஸ்டேட் அப்படி இல்ல, முழு சக்கரம், மொதல்ல ஏழு பிளாக், அப்புறம் இடம் பத்தாம இடைவெளிலயும் சொருகியிருக்காங்க. அரைச் சக்கரமா இருந்து கேட் பக்கம் ஒரு தனிக் கை இருந்தா பென்டன்வில் வாடை அடிக்குதுன்னு வச்சுக்கலாம். சின்ன கவுண்டி ஜெயில்னா சிலுவை வடிவமா சுருங்கிடும், ரெடிங் ஜெயில் அப்படித்தான், 1844ல திறந்தது, பிற்பாடு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு கைதியா இருந்த ஜெயில். அவரோட நம்பர் சி.3.3, அதாவது சி பிளாக், மூணாவது மாடி, மூணாவது செல்லு. ஆளுக்கு பேரு போய் செல் நம்பரே பேரா ஆகிறதும் இந்த சிஸ்டத்தோட வேலைதான்.

ஆனா ஷேப்பை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, நிறைய பேரு வழுக்கி விழுற இடம் இதுதான். நடுவுல இருந்து பிரிஞ்சு போற கட்டடம் பென்டன்வில்லுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, பெல்ஜியத்துல கெண்ட் ஊர்ல 1770கள்லயே எண்கோணமா ஒரு ஜெயில் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க, இங்கிலாந்துல 1780கள்ல வில்லியம் ப்ளாக்பர்ன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் இதே மாதிரி சிலது பண்ணியிருக்காரு. 1834க்கு அப்புறம் ஏழைகளை அடைச்சு வச்ச வொர்க்ஹவுஸ் நிறைய சிலுவையாவும் அறுகோணமாவும்தான் கட்டினாங்க. மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும், அதனால உள்ள போயே ஆகணும்.

நடுவுல போய் நின்னு பாருங்க

எல்லா பிளாக்கும் சேர்ற அந்த நடு ஹால்ல நில்லுங்க. நின்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இங்க இருந்து எனக்கு என்ன தெரியுது, ஆளா கதவா?

பனாப்டிகான்னா ஆளு தெரியணும். செல்லோட முன்பக்கம் திறந்த கம்பியா இருக்கணும், பின்னாடி ஜன்னல் வெளிச்சத்துல கைதியோட உருவம் நடுவுல நிக்கிறவன் கண்ணுக்கு விழணும், அதுதான் பெந்தம் கணக்கு. பென்டன்வில்ல நடு ஹால்ல நின்னா மூணு மாடிக்கும் இரும்பு பால்கனி, வரிசையா சாத்தின கெட்டிக் கதவு, மேல கண்ணாடிக் கூரை, அவ்ளோதான். கைதி ஒருத்தன்கூட தெரிய மாட்டான். அப்ப அந்த நடு இடம் யாரைப் பாக்க? வார்டரைப் பாக்க. ரவுண்டு போறவன் ஒழுங்கா போறானா, எந்தக் கதவு முன்னாடி ரொம்ப நேரம் நிக்கிறான், யார்கிட்டயாவது பேசுறானா, இதையெல்லாம் ஒரு சீனியர் ஆபீசர் நின்ன இடத்துல இருந்தே பாத்துடலாம். கைதியைப் பாக்குறதுக்கு ஒவ்வொரு கதவுலயும் ஒரு சின்ன ஓட்டை, அதுக்கு மூடி, வார்டர் தனியா வந்து எட்டிப் பாக்கணும்.

டப்ளின்ல கில்மெய்ன்ஹம் ஜெயிலோட ஈஸ்ட் விங், 1862ல திறந்தது, இந்த சோதனைக்கு நல்ல இடம். லாட வடிவத்துல ஒரே பெரிய ஹால், 96 செல்லு, மேல இருந்து வெளிச்சம் கொட்டுது, போட்டோவுக்கு அப்படி ஒரு அழகு, அதனாலயே உலகம் முழுக்க பனாப்டிகானுக்கு உதாரணமா அந்தப் படத்தைப் போடுறாங்க. நடுவுல நின்னு எண்ணிப் பாருங்க, தெரியுறதெல்லாம் கதவுதான்.

செல்லுக்குள்ள கையை விரிங்க

பென்டன்வில் செல்லு 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். ஆபர்ன் செல்லு 7 அடி நீளம், மூணரை அடி அகலம், 7 அடி உயரம். கணக்குப் போட்டா 819 கன அடிக்கு எதிர்ல சுமார் 171, ஆபர்ன் மாதிரி அஞ்சு செல்லை அடுக்கி வச்சாலும் பென்டன்வில்லோட ஒரு செல்லை விட ஒரு துளிதான் கூட. டேப் இல்லன்னா நடுவுல நின்னு ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டுங்க. ரெண்டு சுவரும் எட்டலைன்னா பென்டன்வில் பக்கம், முழங்கையை மடக்கினாத்தான் நிக்க முடியுதுன்னா ஆபர்ன் பக்கம்.

இவ்ளோ வித்தியாசம் ஏன்னா ஆபர்ன்ல செல்லு வெறும் படுக்க, பகல் முழுக்க ஆளு வெளிய வேலைல இருப்பான். பென்டன்வில்ல அந்த செல்லுக்குள்ளயே தறி நெய்யணும், செருப்பு தைக்கணும், துணி தைக்கணும், சாப்பிடணும், தூங்கணும், பைபிள் படிக்கணும், பாதிரியார் வந்தா பேசணும், ஆரம்பத்துல 18 மாசம் இதுதான் வாழ்க்கை, அதுக்கப்புறம் கப்பல்ல ஏத்தி வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இப்ப டாஸ்மேனியா.

ஜன்னலைப் பாருங்க. செல்லுக்கு வெளிச்சுவர்ல சொந்தமா ஒரு ஜன்னல் இருந்தா பென்டன்வில் வகையறா. செல்லு எல்லாம் முதுகோட முதுகு ஒட்டி கட்டடத்துக்கு நடுவுல ஒரு அடுக்கா நின்னு, அதைச் சுத்தி நடைபாதை, அதுக்கு அப்பால வெளிச்சுவர் இருந்தா அது ஆபர்ன். அமெரிக்கப் படங்கள்ல நாம பாக்குற கம்பிக் கதவு அடுக்கு எல்லாம் அந்த வம்சம். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா ஜெயிக்கல, ஆபர்ன்தான் ஜெயிச்சுது, கட்டச் செலவு கம்மி, ஃபேக்டரி வேலைல காசும் வரும். ஃபிலடெல்ஃபியா ஐடியாவை ஐரோப்பாவுக்கு எடுத்துட்டுப் போனதே பென்டன்வில்தான்னு சொல்லலாம்.

ஆனா அப்படியே எடுத்துட்டுப் போகல. ஈஸ்டர்ன் ஸ்டேட்ல மொதல்ல கட்டின பிளாக்கெல்லாம் ஒரே மாடி, ஒவ்வொரு செல்லுக்கும் பின்னாடி சொந்தமா ஒரு குட்டி முற்றம், நடைபாதை பக்கம் கதவே கிடையாது, சாப்பாடு குடுக்க ஒரு ஓட்டை மட்டும், ஆளை உள்ள அனுப்புறது பின்பக்க முற்றம் வழியா. ஜெப் அந்த முற்றத்தைத் தூக்கிட்டு மூணு மாடியா அடுக்கிட்டாரு. நிலம் மிச்சம், ஆனா உடற்பயிற்சிக்கு ஆளை வெளிய கூட்டிட்டுப் போகணும், போனா ஒருத்தனை ஒருத்தன் பாத்துடுவான். பாக்கவும் கூடாது பேசவும் கூடாதுங்கிறதுக்காக கண்டுபிடிச்ச சாமான்கள்தான் அடுத்து வர்றது எல்லாம்.

சுவர்ல ஓட்டையைத் தேடுங்க

என்னைக் கேட்டா இந்தக் கட்டடத்தோட ரகசியமே இதுலதான் இருக்கு, கைடு யாரும் காட்ட மாட்டாங்க. டார்ச் அடிச்சு செல்லு கதவுக்கு மேல, கூரை வளைவு பக்கத்துல ஒரு கம்பி வலை போட்ட துவாரம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் எதிர்ச்சுவர்ல, ஜன்னல் பக்கம், தரையை ஒட்டி இன்னொரு துவாரம். பேஸ்மெண்ட்ல சூடு பண்ணின சுத்தமான காத்து சுவருக்குள்ள இருக்கிற குழாய் வழியா ஏறி மேல் துவாரத்துல உள்ள வரும், அழுக்குக் காத்து கீழ் துவாரத்துல இழுபட்டு வெளிச்சுவருக்குள்ள ஏறி கூரை மேல இருக்கிற உயரமான புகைபோக்கி மாதிரி ஒரு கூண்டுக்குப் போயிடும். ஏன் இந்த வம்பு, ஜன்னலைத் திறந்து விட்டா போதாதான்னு தோணும். ஜன்னல் திறக்காது, திறக்கவே முடியாத மாதிரிதான் வச்சாங்க, திறந்தா பக்கத்து செல்லுக்காரன் கூட பேசிடுவான். பேச்சை நிறுத்தணும்னா ஜன்னலை மூடணும், ஜன்னலை மூடினா மூச்சு முட்டும், அதுக்கு காத்துக் குழாய் வேணும், அந்தக் குழாய் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியா போகணும் இல்லன்னா குழாய் வழியா பேசிக்குவான். மேப்ல பாக்கும்போது கூரை மேல வரிசையா உயரமான கூண்டு தெரிஞ்சா அதுக்குக் காரணம் இதுதான்.

சத்தம் போகாத சுவர் எப்படி கட்டுறதுன்னு 1830கள்ல மில்பேங்க்ல பரிசோதனை செல்லே கட்டிப் பாத்திருக்காங்க, அதுக்கு ஆலோசனை சொன்னவர்ல ஒருத்தர் மைக்கேல் ஃபாரடே, ஆமா நாம ஸ்கூல்ல படிச்ச அதே ஃபாரடேதான்.

செல்லுக்குள்ள ஒவ்வொருத்தனுக்கும் தண்ணிக் குழாய், கை கழுவுற தொட்டி, கக்கூஸ் எல்லாம் வச்சாங்க, அந்தக் காலத்துல லண்டன்ல பாதி வீட்டுல கிடையாது. ஆனா குழாயைத் தட்டித் தட்டி கைதிங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க, அடைப்பும் வந்துச்சு, கடைசில கக்கூஸைப் பிடுங்கிட்டு வாளியைக் குடுத்துட்டாங்க. பழைய செல்லுல சுவர் மூலைல சிமெண்ட் பூசி அடைச்ச தடம் இருந்தா அதையும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

இன்னொண்ணு, கதவுக்குப் பக்கத்துல சுவர்ல ஒரு கைப்பிடி இருக்கான்னு பாருங்க. அதை உள்ள இருந்து திருகினா வெளிய நடைபாதைல மணி அடிக்கும், அதோட அந்த செல்லு நம்பர் எழுதின ஒரு சின்ன இரும்புத் தகடு சுவர்ல இருந்து வெளிய நீட்டிக்கும். மணி ஓஞ்சு போனாலும் தகடு நீட்டிக்கிட்டே இருக்கும், வார்டர் வந்து அவரு கையால மடக்கினாத்தான் உள்ள போகும். கூப்பிட்டது யாருன்னு குரல் குடுக்காமலே தெரிஞ்சுடும். 1840ல இப்படி ஒரு ஏற்பாடு யோசிச்சிருக்காங்க பாருங்க, மனுஷன் பேசவே கூடாதுங்கிறதுக்காக!

சர்ச்சும் மைதானமும்

ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தாகணும், அதனால சர்ச்சுல ஒவ்வொருத்தருக்கும் தலைக்கு மேல உசந்த மரப் பலகைல தனித்தனிக் கூண்டு, படிப்படியா, கூண்டுக்குள்ள நின்னா எதிர்ல பாதிரியார் மட்டும் தெரிவாரு, பக்கத்துல யாருன்னு தெரியாது. வார்டர் உசரத்துல உக்காந்து எல்லாத் தலையையும் பாப்பாரு. பாட்டுப் பாடுறப்போ வாயை அசைச்சு பக்கத்துக் கூண்டுக்கு சேதி சொல்றது ஜோரா நடந்துச்சாம். இங்கிலாந்துல லிங்கன் கோட்டைக்குள்ள 1848ல கட்டின ஜெயில்ல இந்தக் கூண்டு சர்ச்சு அப்படியே இருக்கு, ஒரு கூண்டுக்குள்ள நீங்களே போய் நின்னு பாக்கலாம், மத்த எல்லா ஊரையும் விட்டாலும் இதை விடாதீங்க.

செல்லை விட்டு வெளிய வந்தா தொப்பியோட முன்பக்கத் துணியை இறக்கி மூஞ்சியை மூடிக்கணும், கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. மைதானத்துல ஒரு நீளக் கயிறு, அதுல 15 அடிக்கு ஒரு முடிச்சு, ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடிச்சுக்கிட்டு வட்டமா நடக்கணும். இல்லன்னா கேக் துண்டு வெட்டினாப்ல சுவர் எழுப்பி பிரிச்ச வட்ட மைதானம், ஒரு துண்டுல ஒருத்தன். பழைய ப்ளான்ல பிளாக்குகளுக்கு நடுவுல குட்டிக் குட்டி சக்கரம் வரைஞ்சிருந்தா அது தோட்டம்னு நினைச்சுடாதீங்க. இப்ப பெரும்பாலும் இடிச்சாச்சு, புல்தரைல வறட்சிக் காலத்துல மட்டும் அந்தச் சுவர் இருந்த கோடு காஞ்சு தெரியும்.

எதை விட்டாங்கன்னு பாருங்க

இவ்ளோ தூரம் வந்துட்டீங்கன்னா இனிமேதான் சுவாரசியம். ஒரு ஜெயில் பென்டன்வில்லைப் பாத்து கட்டினதுன்னு தெரிஞ்சா அடுத்து அதுல எது இல்லன்னு லிஸ்ட் எடுங்க, அந்த ஊரோட கதை அதுல வரும்.

டப்ளின் மவுண்ட்ஜாய், 1850, ஜெப்பே டிசைன், கிட்டத்தட்ட கார்பன் காப்பி. பெல்ஃபாஸ்ட்ல க்ரம்லின் ரோடு ஜெயில், சார்லஸ் லேன்யன் கட்டினது, 1846ல திறந்து 1996 வரைக்கும் ஓடுச்சு, அதுவும் நாலு பிளாக் விசிறி. பெர்லின்ல மொவாபிட், பிரஷ்யா மன்னர் நாலாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் காலத்துல பென்டன்வில்லையே மாதிரியா வச்சு 1840கள்ல எழும்பினது. ஓஸ்லோவுல 1851ல ஒண்ணு.

டாஸ்மேனியால போர்ட் ஆர்தர் செபரேட் பிரிசன் சின்னது, சுமார் 50 செல்லுதான், சிலுவை வடிவம், மூணு கை செல்லு, ஒரு கை சர்ச்சு. சைஸ் சுருங்கிடுச்சு, ஆனா கண்டிப்பு கூடிடுச்சு, தரைல பாய் விரிச்சு வார்டர் துணிச் செருப்புல நடப்பாங்க, காலடிச் சத்தம்கூட கேக்கக் கூடாதுன்னு. ஒழுங்கீனம் பண்ணினவனுக்கு கதவுக்குப் பின்னாடி கதவுன்னு வச்ச இருட்டறை. வெளிய வந்ததும் பக்கத்துலயே ஒரு பெரிய கட்டடம் நிக்கும், அது 1860கள்ல கட்டின மனநோயாளிகள் விடுதி. ரெண்டையும் ஒரே போட்டோல எடுக்கலாம்.

அந்தமானுக்கு வருவோம். செல்லுலார் ஜெயில்ல ஏழு பிளாக், மூணு மாடி, நடுவுல டவரு, 690க்கு மேல செல்லு, இப்ப மூணு பிளாக்தான் மிச்சம். சோதனைகளை வரிசையா போடுங்க. டவர்ல நின்னா ஆளு தெரியுமா? தெரியாது, ஒவ்வொரு பிளாக்கோட வராண்டா நீளம்தான் தெரியும், ஆக பனாப்டிகான் இல்ல. கையை விரிச்சா சுவர் எட்டாது, செல்லுக்கு வெளிச்சுவர்ல உசரத்துல ஒரு வெண்டிலேட்டர், சரி, பென்டன்வில் பக்கம்தான். ஆனா நடுவுல நடைபாதை, ரெண்டு பக்கமும் செல்லுங்கிற அமைப்பு கிடையாது, ஒரே வரிசை செல்லு, முன்னாடி திறந்த வராண்டா, அந்த வராண்டாவுக்கு எதிர்ல அடுத்த பிளாக்கோட முதுகு. அதனால ஒரு கதவுல நின்னு பாத்தா இன்னொரு கதவு தெரியவே தெரியாது. லண்டன்ல பேஸ்மெண்ட் அடுப்பு, காத்துக் குழாய், தொப்பித் துணி எல்லாம் வச்சு சாதிச்சதை இங்க பிளாக்கைத் திருப்பி வச்சே முடிச்சுட்டாங்க, வெயில் ஊர்ல சூடு காத்தும் தேவையில்ல, அதனால கெட்டிக் கதவுக்குப் பதிலா கம்பிக் கதவு. தாழ்ப்பாளைக் கவனிங்க, நிறைய பேரு பாக்காமலே வந்துடுறாங்க: கதவுல இருந்து நீளமான இரும்புத் தண்டு சுவருக்குள்ள போய் ஒரு மாடத்துக்குள்ள பூட்டு விழும், கம்பி வழியா கையை எவ்ளோ நீட்டினாலும் பூட்டு எட்டாது.

விட்டது எதுன்னா, மனந்திருந்துறதுங்கிற பேச்சையே விட்டுட்டாங்க. கூண்டு சர்ச்சு இல்ல, செல்லுக்குள்ள கைத்தொழில் இல்ல, பகல்ல பிளாக்குக்கு நடுவுல இருக்கிற முற்றத்துல தேங்காய் நார் அடிக்கணும், செக்கு இழுக்கணும். செக்குன்னதும் வ.உ.சி.யை அந்தமானோட சேத்து எழுதுறவங்க இன்னும் இருக்காங்க, அவரு இருந்தது கோயம்புத்தூர் ஜெயில்லயும் கண்ணூர் ஜெயில்லயும், அவரு இழுத்த செக்கு இப்ப சென்னை கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு.

எப்ப நின்னுச்சு

பென்டன்வில்ல 18 மாசம்னு ஆரம்பிச்சது கொஞ்ச வருஷத்துலயே 12 ஆச்சு, அப்புறம் 9 ஆச்சு, காரணம் வேற ஒண்ணுமில்ல, உள்ள இருக்கிறவங்களுக்கு புத்தி பேதலிக்க ஆரம்பிச்சுது. அதை முன்ன நின்னு நடத்தின ரெண்டு பேருமே 1847ல போயிட்டாங்க, க்ராஃபோர்ட் பென்டன்வில்லுக்குள்ளயே மீட்டிங்ல செத்தாரு, ரஸ்ஸல் மில்பேங்க்ல தன்னைத்தானே சுட்டுக்கிட்டாரு. கொள்கை இப்படி ஆடிப் போனப்புறமும் கட்டடம் மட்டும் இன்னும் முப்பது வருஷம் அதே ப்ளான்ல எழும்பிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, எனக்கு அதுதான் ஜீரணிக்க முடியல. ப்ளான் அச்சுல இருக்கு, அப்ரூவல் சுலபம், கான்ட்ராக்டருக்குப் பழக்கம், வேற என்ன வேணும்.

கடைசில அதை முடிச்சு வச்சது வெளிச்சம். விசிறியோட காம்பு பக்கத்துல இருக்கிற செல்லுகளைப் போய்ப் பாருங்க, பக்கத்து பிளாக் மறைச்சு பகல்லயே இருட்டா இருக்கும், சில பிளாக் நிக்கிற திசைக்கு வருஷம் பூரா வெயிலே படாது. ஜெப்புக்குப் பிற்பாடு ஜெயில் நிர்வாகத்தைப் பாத்த எட்மண்ட் டூ கேன் 1874ல ஆரம்பிச்ச வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் ஜெயில்ல பிளாக்கெல்லாம் இணையா, வடக்கு தெற்கா, அதனால ரெண்டு பக்க செல்லுக்கும் ஒரு வேளையாவது வெயில் விழும். பாரிஸ் பக்கத்துல 1898ல திறந்த ஃப்ரென்ஸ் ஜெயில் அதே வழில ஒரு நீள நடைபாதைக்குக் குறுக்கால பிளாக்கா அடுக்கிட்டு, அப்புறம் உலகம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. மேப்ல சீப்பு மாதிரியோ தந்திக் கம்பம் மாதிரியோ தெரிஞ்சா அது இந்த வம்சம், பென்டன்வில்லை மறந்துடுங்க.

எங்க போறது

பென்டன்வில் இன்னும் ஜெயிலாவே ஓடுது, கலிடோனியன் ரோட்டுல நின்னு வெள்ளை மதிலைப் பாக்கலாம், அவ்ளோதான். உள்ள எப்படி இருக்கும்னு பாக்கணும்னா பெல்ஃபாஸ்ட் க்ரம்லின் ரோடு நல்ல சாய்ஸ், நடு ஹால், பால்கனி எல்லாம் முழுசா இருக்கு, எதிர்ல இருக்கிற கோர்ட்டுக்கு ரோட்டுக்கு அடியில போற சுரங்கப்பாதையும் காட்டுவாங்க. கில்மெய்ன்ஹம்னா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைன்ல போட்டுடுங்க, நேர்ல போய் நின்னா கிடைக்கிறது கஷ்டம். லிங்கன்ல சர்ச்சுக்கு, போர்ட் ஆர்தர்ல பக்கத்துக் கட்டடத்துக்கு நேரம் ஒதுக்குங்க. அந்தமான் போர்ட் பிளேர்ல (2024ல இருந்து பேரு ஸ்ரீ விஜயபுரம்) லைட் அண்ட் சவுண்டு ஷோவுக்கு மட்டும் சாயங்காலம் போறவங்க நிறைய, இருட்டுல தாழ்ப்பாளும் தெரியாது வெண்டிலேட்டரும் தெரியாது, பகல்லயே போய் டவர் மேல ஏறிட்டு அப்புறம் ஷோவுக்கு உக்காருங்க. பெர்லின்ல மொவாபிட்டை 1950கள்ல இடிச்சுட்டாங்க, மெயின் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துல அந்த இடம் இப்ப பார்க், சுத்துமதில் மட்டும் நிக்குது, பிளாக் இருந்த இடத்தைத் தரைலயே காட்டியிருக்காங்க, ஒரு செல்லோட சைஸுக்கு கான்கிரீட்ல கட்டி வச்சிருக்காங்க. டிக்கெட் கிடையாது, ட்ரெயினுக்கு ஒரு மணி நேரம் இருந்தாலே டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வந்துடலாம்.